ஆப்பிரிக்கவியல் கண்ட அறிஞர்

ஒரு மக்கட்கூட்டம் தன் முன்னோரின் வரலாற்றை அறியாதிருப்பின், பிறர் தன்னைப்பற்றிக் கூறுவனவற்றையே மெய்யெனக் கொண்டு வாழ நேரும். பிறர் கூறுவது பழியாக இருப்பின், அப்பழியையும் தலைமேற் சுமக்க நேரும். ஆப்பிரிக்க மக்களுக்கு நேர்ந்தது அந்நிலையே. அவர்களுள் எண்ணற்றோரை அடிமைகளாக்கிக் கப்பலேற்றி அமெரிக்காவிற்குக் கொண்டுசென்று விற்ற ஐரோப்பியர், தம் கொடுஞ்செயலுக்கு ஒரு காரணமும் கற்பித்தனர். ஆப்பிரிக்கருக்கு வரலாறு இல்லை, அரசு இல்லை, கலை இல்லை, கல்வி கற்கும் ஆற்றலும் இல்லை என்பதே அக்காரணம். நாளடைவில் அப்பொய் பள்ளி நூல்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இடம்பெற்று, மெய்போலவே உலவத் தொடங்கியது.

அப்பொய்யை ஆராய்ச்சியாலேயே வெல்லவேண்டும் என்று துணிந்தார் ஒருவர். ஆப்பிரிக்காவையும் ஆப்பிரிக்க மரபினரையும் பற்றிய அறிவைப் பல துறைப் புலவர்களும் கூடி வளர்க்கும் தனியோர் இயலாக்குவதற்கு அவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்தார். அவரே வில்லியம் எட்வர்டு பர்கார்ட் டூ பாய்ஸ் என்னும் பேரறிஞர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரில், 1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் டூ பாய்ஸ் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பெற்று அப்போது மூன்றாண்டுகளும் நிறையவில்லை. விலங்கு அறுந்ததேயன்றி இழிவு நீங்கவில்லை.

குழந்தை தளர்நடை பயிலும் பருவத்திலேயே தந்தையார் ஆல்பிரடு குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயார் மேரி சில்வினா பிறர் வீடுகளில் பணிசெய்து மைந்தனை வளர்த்தார். பின்னர் அவ்வம்மையாரைப் பக்கவாத நோய் தாக்கியது. அந்நிலையிலும் மகன் கல்வியைக் கைவிடலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாயின் உள்ளம் அறிந்த மைந்தரும் பள்ளி விட்டதும் சிறு சிறு வேலைகள் செய்து பொருள் ஈட்டிக் குடும்பத்திற்கு உதவினார்.

அவ்வூர் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் பிராங்க் ஹாஸ்மர் என்பவர். அவர் மாணவரின் கூரிய அறிவைக் கண்டு மகிழ்ந்து, கல்லூரிக் கல்விக்கு வேண்டிய இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளைப் பயிலுமாறு தூண்டினார். கறுப்பின மாணவனுக்குக் கைத்தொழிலே போதும் என்று பலரும் எண்ணிய அக்காலத்தில், அவ்வாசிரியர் காட்டிய வழி ஒரு பேரறிஞரை உருவாக்கியது. 1884-ஆம் ஆண்டு டூ பாய்ஸ் பள்ளிப் படிப்பை முடித்தார். சில மாதங்களுக்குள் அன்னையார் உயிர் நீத்தார். தாயும் தந்தையுமின்றித் தனித்து நின்ற அவ்விளைஞரை அவ்வூரார் கைவிட்டாரல்லர். கிறித்தவத் திருச்சபைகள் சில பொருள் திரட்டி, அவரை மேற்கல்விக்கு அனுப்பி வைத்தன.

கல்லூரிக் கல்வி

1885-ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலிருந்த பிஸ்க் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். அது கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பெற்ற கல்வி நிலையம். ஆங்குத் தம் இனத்து மாணவர் பலரை ஒருங்கே கண்டு அவர் உள்ளம் பூரித்தது. ஆயினும் தென்னாட்டு வாழ்வின் கொடுமையையும் அவர் ஆங்கேயே முதன்முதலாகக் கண்டார். கோடை விடுமுறையில் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தபோது, பாழடைந்த குடிசைகளில் வறுமையோடு போராடிக்கொண்டே எழுத்தறிவுக்கு ஏங்கிய சிறுவர் சிறுமியரின் முகங்கள் அவர் நெஞ்சில் நிலையாகப் பதிந்தன.

1888-ஆம் ஆண்டு பிஸ்க்கில் பட்டம் பெற்றபின், புகழ்மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆயினும் முன்னர்ப் பெற்ற பட்டத்தை அப்பல்கலைக்கழகம் முழுமையாக ஏற்கவில்லை. மீண்டும் இளங்கலை வகுப்பிலேயே அவர் பயில வேண்டியதாயிற்று. அதற்கு அவர் சோர்ந்தாரல்லர். 1890-இல் இளங்கலைப் பட்டமும் 1891-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். வில்லியம் ஜேம்ஸ் என்னும் மெய்யியல் அறிஞரிடமும், ஆல்பர்ட் புஷ்னல் ஹார்ட் என்னும் வரலாற்றறிஞரிடமும் அவர் பாடங்கேட்டார். மெய்யியலால் கூர்மை பெற்ற அவர் அறிவு, வரலாற்றைக் களமாகக் கொண்டது.

அக்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆராய்ச்சிக் கூடங்கள் ஜெர்மனியில் இருந்தன. ஆங்குச் சென்று பயில அவர் விரும்பினார். கறுப்பின மாணவர்க்கு உதவும் அறநிதியம் ஒன்றிற்கு, அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேஸ் என்பவர் தலைவராக இருந்தார். வெளிநாட்டில் உயர்கல்வி பயிலும் தகுதியுடைய கறுப்பின இளைஞர் எவரும் கிடைக்கவில்லை என்று அவர் கூறியதாகச் செய்தி வந்தது. அதனைக் கண்ட டூ பாய்ஸ் வாளா இருக்கவில்லை. தம் தகுதியை விளக்கிப் பன்முறை மடல்கள் விடுத்தார். இறுதியில் பாதி நன்கொடையாகவும் பாதி கடனாகவும் உதவித்தொகை கிடைத்தது.

1892 முதல் 1894 வரை பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். குஸ்டாவ் ஷ்மோலர் போன்ற பொருளியல் பேராசிரியர்கள், ஊகத்தை விடுத்து உண்மைச் செய்திகளைத் திரட்டி, எண்ணிக் கணக்கிட்டு, அவற்றிலிருந்தே முடிவு காணும் முறையைக் கற்பித்தனர். அம்முறையே பிற்காலத்தில் டூ பாய்ஸின் கைக்கருவியாயிற்று. டாக்டர் பட்டத்திற்கு வேண்டிய ஆய்வுரையையும் அவர் ஆங்கு எழுதினார். ஆனால் பட்டம் பெற இன்னும் சில மாதங்கள் அப்பல்கலைக்கழகத்தில் தங்கியிருத்தல் வேண்டும் என்பது விதி. உதவித்தொகை மேலும் நீட்டிக்கப்படவில்லை. கைக்கெட்டிய கனி வாய்க்கெட்டாதவராய் அவர் தாயகம் திரும்பினார்.

முதல் டாக்டர் பட்டம்

தாயகம் திரும்பியவர், ஹார்வர்டில் தாம் முன்னரே தொடங்கியிருந்த ஆராய்ச்சியை முடித்து, 1895-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தை முதன்முதற்பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஆப்பிரிக்க அடிமை வாணிகம் அமெரிக்காவில் ஒடுக்கப்பட்ட வரலாறாகும். 1808-ஆம் ஆண்டு முதல் அடிமைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாகாது என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது. ஆனால் சட்டம் ஏட்டிலிருந்தது. கள்ளக் கப்பல்களோ கடலில் ஓடின. பருத்தி விளைச்சலில் ஊதியம் பெருகப் பெருக, சட்டத்தைக் காக்க வேண்டியோர் கண்களை மூடிக்கொண்டனர். இவ்வுண்மையைச் சட்டங்கள், அரசாங்க அறிக்கைகள், மன்ற நடவடிக்கைகள், கப்பல்களைப் பற்றிய பதிவுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அவர் நிறுவினார். அறமும் பொருளும் மோதுமிடத்தில் அறம் தளர்ந்தால், ஒரு நாடு பின்னர் அதற்குப் பெருவிலை கொடுக்க நேரும் என்பதை அந்நூல் உணர்த்தியது. ஹார்வர்டு வரலாற்று நூல்வரிசையின் முதல் நூலாக 1896-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

வரலாறு ஒன்றை மட்டும் கற்றவராயின் அந்நூலை அவர் எழுதியிருத்தல் இயலாது. சட்டமும் பொருளியலும் அரசியலும் வரலாற்றோடு கூடியபோதே உண்மை புலனாயிற்று. பல துறைகளின் ஒளி ஒரு பொருளின்மேல் ஒருங்கே படவேண்டும் என்னும் கருத்து, அவ்வாராய்ச்சியிலேயே முளைவிட்டது எனலாம்.

வீடுதோறும் சென்று செய்த ஆராய்ச்சி

பட்டம் பெற்றோர்க்குப் பதவி எளிதாகக் கிடைக்கும் என்பர். ஆனால் ஐரோப்பிய மரபினர் பயிலும் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் டூ பாய்ஸைப் பேராசிரியராக அமர்த்த முன்வரவில்லை. ஒஹாயோ மாநிலத்து வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் பழைய மொழிகளைக் கற்பித்தார். சமூகவியலைக் கற்பிக்க அவர் விரும்பியும் ஆங்கு இடம் கிடைக்கவில்லை. 1896-ஆம் ஆண்டு நைனா கோமர் என்னும் நங்கையாரை அவர் மணந்தார்.

அவ்வாண்டிலேயே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்களின் நிலையை ஆராயுமாறு அவரை அழைத்தது. நகரின் ஏழாம் வட்டத்தில் அம்மக்கள் செறிந்து வாழ்ந்தனர். குற்றமும் நோயும் வறுமையும் அவர்களோடு பிறந்தவை என்பது பலரது எண்ணம். டூ பாய்ஸ் தம் துணைவியாரோடு அவ்வட்டத்திலேயே ஒரு சிறு குடியிருப்பில் தங்கினார். கையில் வினாத்தாள்களை ஏந்தி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாமே நேரிற்கண்டு உசாவினார். ஒவ்வொரு வீட்டினர் வரலாறு, வயது, கல்வி, தொழில், வருவாய், வாடகை ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டார். குற்றமும் வறுமையும் குருதியில் ஊறியவை அல்ல. வேலை மறுப்பும் மிகுதியான வாடகையும் அடிமை வாழ்வின் எச்சமும் சேர்ந்து விளைத்தவை என்பதை அவர் எண்களாலும் படங்களாலும் காட்டினார். 1899-ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், அமெரிக்கச் சமூகவியலின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்பெறுகிறது.

நூறாண்டுத் திட்டம்

1897-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக அமர்ந்தார். ஆங்கு அவர் வகுத்த திட்டம் வியக்கத்தக்கது. ஆண்டுதோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்தல்; பத்தாண்டுகளில் பத்துப் பொருள்களை முடித்தல்; பின்னர் மீண்டும் அவற்றையே முதலிலிருந்து ஆராய்தல்; இவ்வாறு நூறாண்டுகள் தொடர்தல். இறப்பு விகிதம், நகர வாழ்வு, வாணிகம், பள்ளிக் கல்வி, கல்லூரிக் கல்வி, தொழிலாளர் நிலை, திருச்சபை எனப் பல பொருள்கள் அத்திட்டத்தில் அடங்கின. ஒரு தலைமுறையில் முடியாத பணியை அடுத்த தலைமுறை ஏற்று நடத்தவேண்டும் என்று கருதியவர் அவர். தம் வாழ்நாளில் கனி உண்ண எண்ணாது மரம் நடுவாரைப் போன்றது அவருடைய உள்ளம்.

அந்நாளில் கறுப்பின மக்களின் தலைவராக விளங்கியவர் புக்கர் டி. வாஷிங்டன். தொழிற்கல்வியாலேயே தம் மக்கள் முதலில் முன்னேற வேண்டும் என்பது அவர் கொள்கை. தொழிற்கல்வியின் தேவையை டூ பாய்ஸ் மறுக்கவில்லை. ஆயினும் உயர்கல்வி பெற்ற ஆசிரியரும் அறிஞரும் தோன்றாவிடில், தொழிற்பள்ளிகளில் கற்பிப்பதற்கும் ஆளிராது என்று அவர் வாதிட்டார். 1903-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை நூல் அக்கருத்தை நாடெங்கும் பரப்பியது.

அட்லாண்டா வாழ்வில் அவருக்குத் துன்பங்களும் நேர்ந்தன. 1899-ஆம் ஆண்டு அவருடைய தலைமகன் குழந்தைப் பருவத்திலேயே தொண்டை அடைப்பான் நோயால் மறைந்தான். அவ்வாண்டிலேயே கறுப்பினத்தார் ஒருவரைப் பெருங்கும்பல் ஒன்று நீதிமன்றத்திற்குச் செல்லவிடாது கொடுமையாகக் கொன்றது. அறிவார்ந்த மடல் ஒன்றால் மக்களைத் தெளிவிக்கலாம் என எண்ணிச் செய்தித்தாள் நிலையத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த டூ பாய்ஸ், அக்கொடுமையின் முழுச் செய்தியையும் வழியிற் கேட்டுத் திரும்பிவிட்டார். உண்மையைக் கண்டு சொல்லுதல் மட்டும் போதாது, அதற்காகப் போராடவும் வேண்டும் என்பது அன்று அவருக்குத் தெளிவாயிற்று. 1909-ஆம் ஆண்டு கறுப்பின மக்களின் உரிமைக்கெனத் தோன்றிய நாடளாவிய கழகத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். மறு ஆண்டு அதன் திங்களிதழைத் தொடங்கி, இருபத்து நான்கு ஆண்டுகள் அதன் ஆசிரியராக விளங்கினார். 1919-ஆம் ஆண்டளவில் அவ்விதழ் 1,00,000 படிகள் விற்றது. 1929-ஆம் ஆண்டு காந்தியடிகள் அனுப்பிய வாழ்த்துச் செய்தியும் அவ்விதழில் வெளிவந்தது.

ஆப்பிரிக்காவின் பழைமையை உணர்தல்

1906-ஆம் ஆண்டு அட்லாண்டா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிற்கு பிரான்ஸ் போவாஸ் என்னும் மானிடவியல் அறிஞர் வந்திருந்தார். ஆப்பிரிக்கர் பண்டு தொட்டே இரும்பை உருக்கிப் பயன்கொண்டதையும், சகாராப் பாலைக்குத் தெற்கே பேரரசுகள் தழைத்திருந்ததையும் அவர் தம் உரையில் எடுத்துரைத்தார். கேட்டுக்கொண்டிருந்த டூ பாய்ஸ் வியப்பால் வாயடைத்து நின்றார். உயர்ந்த பல்கலைக்கழகங்கள் மூன்றிற் கற்ற தமக்கே இச்செய்தி புதிதாயிற்றே என்று அவர் எண்ணினார். மறைக்கப்பட்ட வரலாற்றை மீட்டுத் தருதல் தம் கடன் என உறுதி பூண்டார்.

அவ்வரலாற்றை மீட்பது எளிய செயலன்று. ஐரோப்பிய வரலாற்றைப் பெரும்பாலும் ஏடுகளைக் கொண்டே எழுதிவிடலாம். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பண்டைய வரலாறு ஏட்டில் எழுதப்படவில்லை. மாலிப் பேரரசின் சிறப்பை 14-ஆம் நூற்றாண்டில் ஆங்குச் சென்ற இபன் பதூதாவின் பயண நூலாலும், திம்புக்டு நகரத்து அரபுச் சுவடிகளாலும் அறியலாம். அதே பேரரசு தோன்றிய கதையைப் பரம்பரை பரம்பரையாகப் பாடிவரும் பாணர்களின் வாய்மொழியிலிருந்தே பெறவேண்டும். நடு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவியுள்ள பாந்து மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தாலன்றி, அம்மொழி பேசுவோர் எத்திசையினின்று எத்திசைக்குப் பெயர்ந்தனர் என்பது விளங்காது.

தென்னாப்பிரிக்கப் பகுதியில், சுண்ணமின்றிக் கற்களை அடுக்கிக் கட்டிய மாபெருஞ் சிம்பாப்வே என்னும் மதில் நகரம் உள்ளது. அதனைக் கட்டியவர் ஆப்பிரிக்கர் அல்லர், வெளிநாட்டாரே என்று ஐரோப்பியர் பலர் சாதித்தனர். 1905-ஆம் ஆண்டு டேவிட் ராண்டல் மக்கைவரும், 1929-ஆம் ஆண்டு கெர்ட்ரூடு கேட்டன் தாம்சன் அம்மையாரும் ஆங்கு அகழ்ந்து ஆராய்ந்து, அது ஆப்பிரிக்கரின் கைவண்ணமே என்று காட்டினர். ஆகவே ஆப்பிரிக்காவை அறிய விழைவோர், வரலாறு, தொல்பொருளியல், மொழியியல், மானிடவியல், நிலவியல், பொருளியல், இசை, ஓவியம் ஆகிய பல துறைகளையும் துணைக்கொள்ளல் வேண்டும். ஒரு துறையார் கண்டது ஒரு கிளையே. அனைவரும் கூடினாலன்றி மரம் முழுவதும் தோன்றாது. டூ பாய்ஸ் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூல் ஒன்று, நைல் ஆற்றங்கரை முதல் தென்கோடி வரை ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றை இம்முறையில் தொகுத்துக் கூறியது. 1947-ஆம் ஆண்டு அப்பொருளை மேலும் விரித்து உலக வரலாற்றில் ஆப்பிரிக்காவின் இடத்தை விளக்கும் நூலொன்றை அவர் இயற்றினார்.

கலைக்களஞ்சியக் கனவு

பல துறைப் புலவர்களையும் ஒரு பணியில் இணைப்பதற்கு அவர் கண்ட வழி கலைக்களஞ்சியம். 1909-ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுக்கத் திட்டமிட்டு, அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களிலுள்ள அறிஞர்களுக்கு மடல்கள் எழுதினார். அடிமைகள் விடுதலை பெற்றதன் ஐம்பதாம் ஆண்டாகிய 1913-இல் அதன் முதல் தொகுதியை வெளியிட எண்ணினார். அறிஞர்கள் இசைந்தனர்; ஆனால் பொருள் கிடைக்கவில்லை. முதல் முயற்சி அவ்வளவில் நின்றது.

1931-ஆம் ஆண்டு அறநிதியம் ஒன்று அத்தகைய கலைக்களஞ்சியத்தை வெளியிட எண்ணிக் கூட்டம் கூட்டியது. இருபதாண்டுகளுக்கு முன்னரே அக்கனவைக் கண்ட டூ பாய்ஸ் முதற்கூட்டத்திற்கு அழைக்கப்படவில்லை. எனினும் அவர் தம் மனத்தாங்கலைப் பெரிதாகக் கருதவில்லை. பின்னர் அழைப்பு வந்தபோது சென்று, தலைமைப் பதிப்பாசிரியராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பணம் உதவ வல்ல பெரிய நிதியங்களின் இசைவுக்காகப் பல ஆண்டுகள் அவர் காத்திருந்தார். 1938-ஆம் ஆண்டு ஒருநாள் நல்ல செய்தி வருமென நம்பி, வரலாற்றறிஞரான ரேபோர்டு லோகன் என்னும் நண்பரோடு அவர் தம் அறையில் அமர்ந்திருந்தார். மகிழ்ச்சியைக் கொண்டாடுவதற்கு வேண்டியவையும் ஆயத்தமாக இருந்தன. பொழுது கழிந்தது, தொலைபேசி மணி ஒலிக்கவேயில்லை. கறுப்பினத்தாராகிய ஒருவர் தம் இனத்தைப்பற்றி நடுநிலையோடு எழுத இயலுமா என்னும் ஐயம் நிதி வழங்குவோரிடையே நிலவியது. ஐரோப்பிய மரபினர் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது எழாத ஐயம் அது! 1945-ஆம் ஆண்டு முன்னோட்டத் தொகுதி ஒன்று மட்டுமே வெளிவந்தது. இரண்டாம் முயற்சியும் அவ்வாறு நின்றது.

மூன்றாண்டுகள் கழித்து, 1948-ஆம் ஆண்டு, மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், பல துறையினரும் கூடி ஆப்பிரிக்காவை ஆராயும் திட்டமொன்றைப் பெருநிதியம் ஒன்றின் உதவியோடு நிறுவினார். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களில் அவ்வகையில் அதுவே முதலாவது. அரை நூற்றாண்டாக டூ பாய்ஸ் வற்புறுத்திவந்த கருத்து, இவ்வாறு வேறொருவர் கையால் பல்கலைக்கழக வாயிலைக் கடந்தது.

முதுமையில் துன்பம்

அறிவுத் தொண்டோடு அரசியல் தொண்டும் புரிந்தார் டூ பாய்ஸ். 1919-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஆப்பிரிக்க மக்களின் ஒற்றுமைக்கெனப் பேரவை கூட்டினார். 1945-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கூடிய ஐந்தாம் பேரவையில் முதியவராகிய அவர் தலைமையில், குவாமே நிக்ருமா, ஜோமோ கென்யாட்டா ஆகிய இளந்தலைவர்கள் அமர்ந்திருந்தனர். பின்னாளில் அவர்கள் தத்தம் நாடுகளுக்கு விடுதலை தேடித் தந்தனர்.

அணுகுண்டை எதிர்த்து உலக அமைதிக்குப் பாடுபட்டமையால், 1951-ஆம் ஆண்டு 83-ஆம் வயதில் அவர் கைவிலங்கிடப்பெற்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அயல்நாட்டுக்கு முகவராயிருந்து அதனைப் பதிவு செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. ஆயினும் வெளிநாடு செல்லும் உரிமைச் சீட்டு 1958-ஆம் ஆண்டுவரை அவருக்கு மறுக்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டு கானா நாடு விடுதலை பெற்ற விழாவிற்கு நிக்ருமா அழைத்தும் அவரால் செல்ல இயலவில்லை. தடை நீங்கியபின் ஐரோப்பாவிற்குச் சென்றார். அறுபதாண்டுகளுக்கு முன்னர் டாக்டர் பட்டம் பெறாமல் திரும்பிய அதே பெர்லின் பல்கலைக்கழகம், 1958-ஆம் ஆண்டு அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை பெற்றது.

கானாவில் இறுதிப் பணி

கானாவின் குடியரசுத் தலைவரான நிக்ருமா, நின்றுபோன கலைக்களஞ்சியப் பணியைத் தம் நாட்டில் தொடர வருமாறு டூ பாய்ஸை வேண்டினார். 1961-ஆம் ஆண்டு, 93-ஆம் வயதில், அவர் தம் இரண்டாம் துணைவியாரான ஷெர்லி கிரகாம் அம்மையாரோடு அக்ரா நகரில் குடியேறினார். பிறர் ஓய்ந்து படுக்கும் அகவையில் அவர் பதிப்பகத்தைத் தொடங்கினார், அறிஞர்களுக்கு மடல்கள் எழுதினார், திட்டங்களை வரைந்தார். இக்களஞ்சியம் பெரிதும் ஆப்பிரிக்க அறிஞர்களாலேயே எழுதப்பெறல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்பொருட்டு அக்ராவில் கூடிய அறிஞர் மாநாட்டிலும் அவர் உரையாற்றினார். 1963-ஆம் ஆண்டு கானாவின் குடிமகனுமானார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், தம் 95-ஆம் வயதில், அக்ராவில் அவர் இயற்கை எய்தினார். மறுநாள் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், சம உரிமை வேண்டி மார்ட்டின் லூதர் கிங் முதலிய தலைவர்களோடு இலட்சக்கணக்கான மக்கள் கூடியிருந்தனர். டூ பாய்ஸ் மறைந்த செய்தி அப்பெருங்கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மக்கள் அமைதி காத்து அஞ்சலி செலுத்தினர்.

விதையும் விளைவும்

தலைவர் மறைந்தும் பணி மறையவில்லை. 1963-ஆம் ஆண்டு அக்டோபரில் கானாப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் நிறுவனம் முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. வரலாறும் மொழியும் இசையும் நடனமும் ஆங்கு ஒரே கூரையின்கீழ் ஆராயப்படலாயின. ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1977-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1909-ஆம் ஆண்டு கண்ட கனவு நனவாகத் தொடங்குவதற்கு 68 ஆண்டுகள் ஆயின!

அமெரிக்காவிலும் காலம் மாறியது. ஆப்பிரிக்க மரபினரைப்பற்றிய ஆராய்ச்சிக்கெனப் பல துறைகளையும் இணைத்து டாக்டர் பட்டம் வழங்கும் முதல் திட்டத்தை, 1988-ஆம் ஆண்டு டெம்பிள் பல்கலைக்கழகம் தொடங்கியது. அவர் பிறந்த மாநிலத்திலுள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், அவர் பெயரையே தாங்கிய துறை 1996-ஆம் ஆண்டு அத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அவருடைய மடல்களும் கையெழுத்துப் படிகளும் அப்பல்கலைக்கழகத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன. ஹார்வர்டிலும் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இயல்களில் டாக்டர் பட்டம் அளிக்கப்படலாயிற்று. அவர் தனியொருவராய் நடந்து சென்ற ஒற்றையடிப் பாதை, இன்று பலரும் செல்லும் பெருவழியாகியுள்ளது.

டூ பாய்ஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவன இரண்டு. ஒரு பொருளை முழுமையாக அறிய விரும்புவோர், ஒரு துறை நூலோடு அமையாது, பல துறை அறிவையும் கூட்டிக் காணல் வேண்டும் என்பது ஒன்று. உண்மைக்கென எடுத்த செயல் ஒருமுறை தடைப்படினும், இருமுறை தடைப்படினும், முதுமை வந்துற்றபோதும் அதனை விடலாகாது என்பது மற்றொன்று. இழிவுரையைச் சான்றுகளால் வென்ற அவ்வறிஞரின் புகழ், ஆப்பிரிக்காவை ஆராய முற்படும் ஒவ்வொரு மாணவர் கையிலும் விளக்காய் நின்று ஒளிரும்.